ஒட்டாத பிள்ளைகள்: ஆட்டிச இயல்பும் நமது அன்றாட நோக்கும்

கலியாண வீடு, கோயில் திருவிழா, துக்கம் விசாரிக்கப் போன இடம் என்று நாலு பேர் கூடுகிற சந்தர்ப்பம் எதுவானாலும், வந்திருப்பவர்களின் குணத்தை அளந்து ஒரே வார்த்தையில் தீர்ப்பெழுதி முடித்துவிடுவதில் நம்மவர்கள் வெகு சமர்த்தர்கள். வீடு தேடி வந்த உறவினரை ‘வாங்க’ என்று கேட்காமல் அறைக்குள் போய்விட்ட பெண்ணுக்குத் ‘தலைக்கனம்’. பந்தியில் அடுத்த இலைக்காரரிடம் ரயில் என்ஜின்களின் வகைகளைப் பற்றிப் பாயசம் வருகிற வரையில் ஓயாமல் பேசிய வாலிபன் ‘அறுவை’. கூடத்தில் மற்றக் குழந்தைகளெல்லாம் ஓடிப்பிடித்து விளையாட, வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும் சிறுவன் ‘யாரோடும் ஒட்டாத பிள்ளை’. இந்தத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது. பாட்டி வாயிலிருந்து அத்தைக்கும், அத்தை வாயிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் போய்ச் சேர்ந்து, ஒரு மனிதரின் ஆயுள் முழுவதும் அவை அவரைத் தொடர்ந்து வருகின்றன.

இவ்வாறு ஒரு சொல்லில் ஒதுக்கப்பட்டவர்களுள் சிலர், உலகத்தைக் காண்பதிலும் கேட்பதிலும் பிறரோடு உறவாடுவதிலும் பிறவியிலேயே வேறு வகையாக அமைந்தவர்கள் என்பதையும், அந்த அமைப்புக்கு ஆட்டிசம் என்று பெயரிட்டு வைத்திய சாஸ்திரம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது என்பதையும் இன்று படித்தவர்கள் ஓரளவு அறிவார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட மதிப்பீடு நூறு குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒருவர் என்பது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், 500 பேர் கூடும் ஒரு கலியாண மண்டபத்தில் நாலைந்து பேராவது இத்தகையவர்களாக இருக்க நியாயமுண்டு. அவர்களை வைத்தியரல்லாத ஒருவர், அன்றாடச் சந்திப்புகளிலேயே இனங்காண முடியுமா, முடியுமாயின் எதை நோக்க வேண்டும், எங்கே ஏமாந்துபோவார், இனங்கண்ட பிறகு அவர் செய்யத்தக்கது என்ன என்ற கேள்விகளை ஒன்றாக வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தச் சாஸ்திரத்தின் பூர்வகதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஆட்டிசம் என்ற சொல்லை ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோவைத்தியர் ஆய்கன் புளூலர் 1911-ஆம் ஆண்டு வாக்கில் வேறொரு நோயின் லட்சணத்தைக் குறிக்கவே வழங்கினார். 1925-இல் மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற மாதரசி ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய விவரங்கள், இன்று ஆட்டிசம் என்று நாம் அறிவதற்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன; ஆயினும் அவர் எழுத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், 1943-இல் பதினொரு குழந்தைகளின் சரித்திரத்தை எழுதி வெளியிட்ட பிறகுதான் இது தனியொரு நிலை என்று உலகம் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் வியன்னாவிலிருந்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு பழகத் தெரியாத நான்கு சிறுவர்களை வர்ணித்தார். அவர் நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கு உடந்தையாக இருந்தார் என்பதற்கான ஆதாரங்கள் 2018-இல் வெளிவந்ததால், அவர் பெயரை இந்நிலைக்கு வைத்து வழங்குவதற்குப் பலர் இன்று கூசுகின்றனர்.

கானர் எழுதிய பதினொருவரில் முதலாவது குழந்தை மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். அக்குழந்தையை நேரில் காண்பதற்கு முன்பே, அவன் தகப்பனார் தட்டச்சில் 33 பக்கம் எழுதி அனுப்பிய கடிதமொன்று கானரின் கைக்கு வந்து சேர்ந்தது. பையன் எதைச் சுழற்றி மகிழ்கிறான், யார் வந்தாலும் போனாலும் எவ்வாறு பொருட்படுத்தாமல் இருக்கிறான், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் திருப்பிச் சொல்கிறான் என்றெல்லாம் ஒரு வக்கீலுக்குரிய நிதானத்துடன் அவர் அதில் எழுதியிருந்தார். ஆகவே, இந்தத் துறையின் மூலநூல் என்று கருதப்படுவதற்கே ஆதாரமாக அமைந்தது, வைத்தியப் பயிற்சி இல்லாத ஒரு தந்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்த அவதானம். சாமானியர்கள் இதில் என்ன அறிந்துவிடப் போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஆனால் அதே கானரும் அவருக்குப் பின் வந்தவர்களும், பெற்றோரின் அவதானத்தை ஏற்றுக்கொண்டு, பெற்றோரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய விபரீதமும் நடந்தது. அன்பற்ற, குளிர்ந்த உள்ளம் படைத்த தாய்மார்களால்தான் குழந்தைகள் இவ்வாறு உள்ளொடுங்குகின்றன என்ற வாதம் அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது வருஷம் கொடிகட்டிப் பறந்தது. தாமும் ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பனாரான பெர்னார்டு ரிம்லண்ட் 1964-இல் அதை எதிர்த்து நூலெழுதினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகள் 21 ஜோடிகளை ஆராய்ந்து, பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். தாய் மீது பழி போடும் வழக்கம் மேல்நாட்டு நூல்களிலிருந்து அகன்றுவிட்டது. நம் வீடுகளிலிருந்து அகன்றுவிட்டதா என்பதை மாமியார்களைத்தான் கேட்க வேண்டும்.

அன்றாடச் சமூகச் சந்திப்புகளைப் பொறுத்தவரையில் நமக்கு மிகவும் பயன்படுகிறவர் லோர்னா விங் என்ற ஆங்கில மனோவைத்தியர். அவர் மகளும் ஆட்டிசம் உடையவர். ஜூடித் கூல்டு என்பவருடன் சேர்ந்து லண்டனின் தென்பகுதியான கேம்பர்வெல்லில் குழந்தைகளைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 1979-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று, ஆட்டிசம் உடையவர்கள் எல்லோரும் ஒதுங்கி நிற்பவர்கள் என்ற எண்ணம் தவறு என்பது. பிறரை அறவே பொருட்படுத்தாமல் விலகி நிற்பவர் ஒரு வகை; தாமாக நெருங்காவிட்டாலும் பிறர் நெருங்கினால் இணங்கி, இழுத்த இழுப்புக்கு வருபவர் இன்னொரு வகை; தாமாகவே வலிந்து சென்று, ஆனால் விசித்திரமான முறையில் பழகுபவர் மூன்றாவது வகை. ஒருவரே வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் கூடும். நிறமாலையில் நிறங்கள் எல்லைக்கோடின்றிக் கலப்பது போல இவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்று அவர் கருதியதன் விளைவாகவே, 2013-இல் அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், முன்பு தனித்தனிப் பெயர்களில் இருந்தவை யாவும் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தன.

இம்மூன்று வகையும் நம் கூட்டங்களில் ஒரே மாதிரி கண்ணில் படுவதில்லை. முதல் வகையை யாரும் தவறவிடுவதில்லை. மேடைக்குப் பின்னால், மின்விசிறியின் சுழற்சியையே பார்த்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்தவரை ஏறிட்டும் பாராமல் நிற்கும் குழந்தையைப் பற்றி உறவினர் தாமே பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் வகைக்கு நேர்வது எதிர்மாறான விபத்து. சொன்ன இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, ஒரு தொந்தரவும் தராத பெண்குழந்தைக்கு நம் சமூகம் ‘தங்கமான பெண்’ என்று பட்டம் கொடுத்துவிடுகிறது. அவளுக்கு ஒரு சிநேகிதியும் இல்லை என்பதையோ, இடைவேளையில் பள்ளிக்கூட மரத்தடியில் அவள் தனியே நிற்கிறாள் என்பதையோ கவனிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மூன்றாம் வகையினர் படும்பாடு தனி. மண்டபத்து வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவரையும் ‘நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?’ என்று கேட்கும் பதினோரு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘29சி’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவன் முகம் மலர்ந்து, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரையில் அது நிற்கும் இடங்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கத் தொடங்குவான். முதல் மூன்று நிறுத்தங்கள் வரை பெரியவர்கள் ரசிப்பார்கள். அப்புறம் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒருவர் ‘சரிப்பா, சரிப்பா’ என்பார், ஒருவர் செருப்பைத் தேடுவார். அந்தக் குறிப்புகளில் ஒன்றும் அவனை எட்டுவதில்லை. எல்லோரோடும் கூச்சமின்றிப் பேசுகிற இவனைப் போய் ஆட்டிசம் என்று யார் சந்தேகிப்பார்கள்? ‘சூட்டிகையான பையன், கொஞ்சம் தொணதொணப்பு’ என்பதோடு சரி.

குழந்தைப் பருவத்தில் நோக்கத்தக்கவை என்ன என்பதற்கு, ஆராய்ச்சி நூல்களைவிட நமது பழைய வழக்கமொன்று நல்ல விளக்கம் தரும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, வானத்துச் சந்திரனை விரலால் காட்டிச் சோறு ஊட்டுகிற தாய், தன்னை அறியாமலே ஒரு நுட்பமான பரிசோதனையை நடத்துகிறாள். குழந்தை அவள் விரலைப் பின்பற்றி நிலாவைப் பார்க்கிறது. பார்த்த பின் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது, ‘நீயும் பார்த்தாயா’ என்று கேட்பதைப் போல. ஒரு பொருளை இருவர் சேர்ந்து காண்பதிலுள்ள இந்த ஆனந்தம் முதல் வயதின் முடிவை ஒட்டி மலர்கிறது. சில நாளில் குழந்தையே காக்கையையும் நாயையும் சுட்டிக்காட்டத் தொடங்குகிறது. வேண்டியதைக் கேட்பதற்காக மட்டும் அல்லாமல், கண்டதைப் பகிர்ந்துகொள்வதற்காகவும் விரல் நீள்கிறதா என்பதைத்தான் நிபுணர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். ஆட்டிசம் உடைய பல குழந்தைகளிடம் இது தாமதப்படுகிறது, அல்லது காணப்படுவதில்லை. அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பா இருந்தால், அத்தகைய குழந்தை தாயின் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் அலமாரியின் பக்கம் தள்ளும்; அவள் முகத்தை ஏறிட்டுப் பாராது.

1994-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரு ஆராய்ச்சியாளர் செய்த ஒரு காரியம் இங்கே குறிப்பிடத்தக்கது. குழந்தைகளின் முதலாவது பிறந்தநாள் விழாவை வீட்டார் எடுத்து வைத்திருந்த வீடியோப் படங்களை அவர்கள் சேகரித்தார்கள். அவற்றில் 11 குழந்தைகள் பிற்காலத்தில் ஆட்டிசம் உடையவர்கள் என்று நிர்ணயிக்கப்பட்டவர்கள், 11 பேர் சாதாரண வளர்ச்சியினர். கேக் வெட்டுகிற ஆரவாரத்துக்கு நடுவில், குழந்தை பிறர் முகத்தை எத்தனை தடவை பார்த்தது, பெயர் சொன்னபோது திரும்பியதா, எதையேனும் காட்டியதா, சுட்டியதா என்று எண்ணிப் பார்த்ததில், இரு கூட்டத்தாரையும் பெரும்பாலும் பிரித்துவிட முடிந்தது. எல்லாவற்றிலும் சிறந்த தடயமாக நின்றது முகம் பார்த்தலே. வைத்தியசாலையில் அல்லாமல், வீட்டு விழாவிலேயே அடையாளங்கள் கிடந்தன. அவை அங்கிருந்த உற்றார் கண்ணில் படவில்லை.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகிப்பது இயல்பு. செவிப் பரிசோதனை செய்வதும் அவசியம். ஆனால் அதே குழந்தை, அடுத்த அறையில் பிஸ்கட் காகிதம் சரசரத்தாலும், தொலைக்காட்சியில் ஒரு குறிப்பிட்ட விளம்பரத்தின் இசை எழுந்தாலும் ஓடி வருவதைத் தாய் கவனித்திருப்பாள். ஒலி கேட்கிறது, அழைப்புக்கு மட்டும் பதிலில்லை என்ற இந்த முரண்பாட்டை அவள் சொன்னால் வீட்டில் எடுபடுவதில்லை. ‘ஆம்பிளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சமாதானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பரம்பரையின் பங்கு இவ்வளவு பெரிதாயிருக்கிற ஒரு விஷயத்தில், தகப்பனாரும் அப்படித்தான் இருந்தார் என்பது கவலையைக் குறைப்பதற்குரிய செய்தியா, விசாரிக்கத் தூண்டுவதற்குரிய செய்தியா?

பேச்சு வந்த பின்னும் அதன் போக்கில் சில விசேஷங்கள் தோன்றுகின்றன. ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்று தாய் கேட்ட வாக்கியத்தையே, அவள் ராகத்தோடு கூட, தாகம் எடுத்தபோதெல்லாம் குழந்தை சொல்லும். ‘எனக்கு வேண்டும்’ என்பதே அதற்குப் பொருள். இப்படி நானும் நீயும் இடம் மாறுவதைக் கானரே குறித்திருக்கிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை முன்பு பொருளற்ற பிதற்றல் என்று கருதி அடக்க முயன்றார்கள். 1981-இல் பாரி பிரைசன்ட் என்ற பேச்சியல் நிபுணர் தம் சகாவுடன் ஆராய்ந்து, அவற்றில் பலவற்றுக்கும் கேட்டல், மறுத்தல், தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளல் முதலிய பயன்கள் உண்டென்று காட்டினார். தமிழுக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன. நீ, நீங்கள் என்ற மரியாதைப் படிகள் ஆள் பார்த்து மாறுவன. அதை யாரும் இலக்கணமாகக் கற்பிப்பதில்லை, சூழலிலிருந்து குழந்தை உறிஞ்சிக்கொள்கிறது. தாத்தாவை ‘வா, போ’ என்பதும் பூனையை ‘வாங்க’ என்பதுமாக ஒரு பிள்ளை பத்து வயதிலும் தடுமாறினால் அதைத் திமிர் என்று அடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். மொழிமாற்றுச் சித்திரப் படங்களின் செந்தமிழிலேயே வீட்டிலும் உரையாடும் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் சிலர் சொல்லக் கேட்கலாம். ‘போயிட்டு வர்றேன்’ என்று விடைபெற்ற மாமா எப்போது திரும்பி வருவார் என்று வாசலிலேயே காத்து நிற்கிற பிள்ளையும், ‘வந்துட்டே இருக்கேன்’ என்று தொலைபேசியில் சொன்னவர் இன்னும் குளிக்கவே இல்லை என்று கண்டு கொதித்துப்போகிற வாலிபனும், சொல்லுக்குச் சொல்லின் பொருளையே கொள்ளுகிற இந்த இயல்பின் வெவ்வேறு பருவங்கள்.

கண்ணோடு கண் நோக்காமை என்ற லட்சணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேல்நாட்டு நூல்கள் இதற்குப் பெரிய ஸ்தானம் கொடுக்கின்றன. 2002-இல் அமி க்ளின் முதலியோர், ஒரு திரைப்படத்தைப் பார்க்கும்போது கண்களின் அசைவைக் கருவியால் அளந்து, ஆட்டிசம் உடையவர்கள் நடிகர்களின் கண்களைவிட வாயையே மிகுதியாகப் பார்த்தனர் என்று கண்டார்கள். ஆனால் பெரியவர்களின் கண்ணை நேரே பார்த்துப் பேசுவது அமெரிக்காவில் மரியாதை, நம்மூர்களில் பலவிடத்தும் அதிகப்பிரசங்கித்தனம். ஆசிரியர் முன்னால் தலை குனிந்து நிற்கும் கிராமத்துப் பையன் சம்பிரதாயத்தைப் பின்பற்றுகிறான். ஆகவே, நம் நாட்டில் இந்த ஒரு லட்சணத்தைத் தனித்துப் பிடித்துக்கொண்டு முடிவு கட்டுவது பெரும்பிழையாகும். பெரியவர்களைப் பார்க்காதவன் தன் தங்கையோடு விளையாடும்போது அவள் முகத்தைப் பார்க்கிறானா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மண்டபங்களில் மிகுதியாகக் கண்ணில் படுவதும், மிகுதியாகத் தப்பர்த்தம் செய்யப்படுவதும் இந்திரியங்களின் நுட்பம் பற்றிய விஷயம். 2013-ஆம் ஆண்டுக் கையேடுதான் ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றில் அளவுக்கு மிஞ்சிய அல்லது குறைந்த உணர்ச்சியை முறைப்படி லட்சணங்களுள் சேர்த்தது. ஆட்டிசம் உடையவர்களோ அதை நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும், ஒலிபெருக்கியின் இரைச்சலும், வீடியோக்காரரின் விளக்கும், மல்லிகையும் சந்தனமும் பட்டுச்சேலையின் உறுத்தலும் ஒருசேர வந்து மோதுகிற இடம் நம் கலியாண மண்டபம். பெரியவர் ஒருவர் விரலை உயர்த்திக் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று சைகை செய்கிற அந்தக் கணத்தில், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் மணமேடையைப் பார்க்க, ஒரு குழந்தை மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்து, அது உயர்ந்ததும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிவதைக் காணலாம். ஒலி வருமுன்பே அதை எதிர்பார்த்து அஞ்சக் கற்றுக்கொண்ட குழந்தை அது. சிறிது நேரத்தில் அது தரையில் விழுந்து அலறினால் ‘என்ன அடம்! செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள்’ என்பார்கள். அடம் பிடிக்கிற குழந்தை, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும், கேட்டது கிடைத்ததும் ஓயும். இந்திரியங்களின் சுமை தாங்காமல் நிலைகுலைந்த குழந்தைக்கோ, கேட்டதென்று ஒன்றுமில்லை, கொடுத்து நிறுத்தவும் முடியாது, அமைதியான இடமும் நேரமுமே வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருத்தி என்று வெகுகாலம் சொல்லி வந்த விகிதம், 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூவருக்கு ஒருத்தி என்பதை நெருங்கியது. பெண்கள் பலர் கணக்கில் வராமல் விடுபடுகிறார்கள் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் லாரா ஹல் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஆட்டிசம் உடைய 92 பெரியவர்களை விசாரித்து, அவர்கள் பிறரின் முகபாவத்தைப் பார்த்துப் பழகியும், பேசவேண்டிய வாக்கியங்களை முன்கூட்டியே ஒத்திகை செய்தும், தம் இயல்பை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்றும், அதன் விலையாகக் கடும் களைப்பும் ‘நான் யார்’ என்ற குழப்பமும் அடைகிறார்கள் என்றும் எழுதினர். இது ஆண்களிடமும் உண்டு. ஆயினும் புகுந்த வீட்டில் யாரை எப்படி விசாரிக்க வேண்டும், எந்தச் சிரிப்புக்கு எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே பழக்கப்படுகிற நம் பெண்கள், இந்த வேஷத்தில் எவ்வளவு தேர்ந்துவிடக்கூடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கலியாணத்தில் குறையொன்றும் சொல்ல முடியாதபடி நடந்துகொண்டு, வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துவிடுகிற பெண்ணை மண்டபத்தில் பார்த்து ஒருவரும் இனங்காண முடியாது. ஆகவே, முகத்தில் தெரிவதைக் காட்டிலும் அதற்காக அவர் பட்ட பிரயாசையே பல சமயம் நல்ல தடயம்; அதை அறிந்தவர் உடன் வசிப்பவரே.

இதுவரை சொன்னவற்றைப் படித்தவுடன் தம் சுற்றத்தாரில் பத்துப் பேருக்கு ஆட்டிசம் என்று முடிவு செய்துவிடக்கூடிய வாசகர்களும் உண்டு. அவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. மேற்கண்ட லட்சணங்களில் எதுவும் தனித்து எதையும் நிரூபிப்பதில்லை. கூச்ச சுபாவம் உடையவர், என்ன பேசவேண்டும் என்பதை அறிந்தும் அச்சத்தால் பேசாதிருப்பவர்; பழகிய இடத்தில் அவர் சரளமாகிவிடுவார். காது மந்தம், அறிவு வளர்ச்சிக் குறைவு, கவனச் சிதறல், வெளியூரிலிருந்து வந்ததால் ஏற்பட்ட மொழித் தயக்கம், வீட்டில் நேர்ந்த ஒரு கொடுமை ஆகிய ஒவ்வொன்றும் இதைப்போல் தோற்றமளிக்கக்கூடும். இவற்றில் சில ஆட்டிசத்தோடு சேர்ந்தே இருப்பதும் உண்டு. சிறு வயது முதல் தொடர்ந்து வருவதா, வீடு, பள்ளி, விழா என்று பல இடங்களிலும் காண்பதா, வாழ்க்கையை நடத்துவதில் இடையூறு செய்வதா என்ற மூன்றையும் விசாரித்த பிறகே நிபுணர்கள் நிர்ணயம் செய்கிறார்கள். சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட வினாத்தாள் மேலும் விசாரிக்கத் தக்கதா என்று காட்டுமேயன்றி நோய்நிர்ணயம் செய்வதில்லை. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு உரியது, செகந்திராபாத்தில் உருவாக்கப்பட்ட 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல். அதைப் பயிற்சி பெற்றவர்தாம் கையாள வேண்டும். இறந்துபோன மேதைகளுக்கெல்லாம் ஆட்டிசம் என்று பட்டம் சூட்டுவதும் ஒரு விளையாட்டாகிவிட்டது. சீனிவாச ராமானுஜன் கூட இதற்குத் தப்பவில்லை. விசாரிக்க முடியாத ஒருவரைப் பற்றி, சில உபகதைகளைக் கொண்டு செய்யும் இந்த நிர்ணயத்தை நாம் ஆராய்ச்சி என்று ஒப்புவதற்கில்லை.

இனி, இந்தப் பிரச்னையின் மறுபக்கத்துக்கு வருவோம். நம் அபிப்பிராயத்தில் இதுவே முக்கியமான பக்கம். 1985-இல் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் இரண்டு பொம்மைகளைக் கொண்டு ஒரு சிறு நாடகம் காட்டினார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள். திரும்பி வந்த சாலி அதை எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் சக்தி இவர்களிடம் குறைவு என்று இதிலிருந்து முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவு வாய்க்கு வாய் மாறி, ஆட்டிசம் உடையவர்களுக்கு இரக்கமே இல்லை என்ற அநியாயமான அபவாதமாக வளர்ந்தது. பிறர் நினைப்பதை ஊகிப்பது வேறு, பிறர் துன்பங்கண்டு வருந்துவது வேறு என்பதைச் சொல்லுவதற்கே பல வருஷங்கள் பிடித்தன.

தாமும் ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்ற ஆங்கில சமூகவியலாளர் 2012-இல் ஒரு கேள்வி எழுப்பினார். ஆட்டிசம் உடையவர் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறோம்; நாம் அவரைப் புரிந்துகொண்டோமா? குறை இருவருக்கும் நடுவில் இருக்க, ஒருவர் கணக்கில் மட்டும் அதை எழுதுவது எவ்வாறு நியாயம்? இந்தக் கேள்விக்குப் பரிசோதனைகள் ஓரளவு விடை தந்தன. 2017-இல் நோவா சாசன் முதலியோர், ஆட்டிசம் உடையவர்கள் பேசும் சில விநாடிப் படத்துண்டுகளை மற்றவர்களிடம் காட்டினர். பார்த்தவர்கள், காரணம் ஒன்றும் அறியாமலே, இவரோடு பழக விருப்பமில்லை என்று தாழ்வாக மதிப்பிட்டனர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை, சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை என்று ஏற்பட்டது. 2020-இல் காதரின் கிராம்ப்டன் குழுவினர் எட்டு எட்டுப் பேராக நிறுத்தி, ஒருவர் காதிலிருந்து மற்றவர் காதுக்கு ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போகச் செய்தனர். ஆட்டிசம் உடையவர்கள் மட்டும் நின்ற சங்கிலியில் கதை மற்றவர்களின் சங்கிலியில் போலவே நன்றாகச் சென்றது. கலந்து நின்ற சங்கிலியில்தான் சிதைந்தது. பின்னர் மேலும் பலரை வைத்து நடத்திய ஆய்வில் கலந்து நின்றவர்களும் பின்தங்கவில்லை. எப்படியாயினும், ஆட்டிசம் உடையவர்கள் தமக்குள் செய்தி பரிமாற வல்லவர்கள் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கானரின் முதற் குழந்தையான டொனால்டு டிரிப்லெட்டின் பிற்கால வாழ்க்கை இதற்கொரு சாட்சி. ஃபாரஸ்ட் என்ற தம் சிற்றூரிலேயே வங்கியில் வேலை பார்த்து, கால்ஃப் ஆடி, கார் ஓட்டி, பல நாடுகளுக்கும் தனியே பிரயாணம் செய்து, 2023-இல் தமது 89-ஆம் வயதில் அவர் காலமானார். தமக்குத் தெரிந்தவர்களுக்கு எண்கள் சூட்டுவது அவர் வழக்கம். ஊரார் அதைப் பரிகசிக்காமல் தங்கள் எண்ணைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். வசதியுள்ள குடும்பம் என்பதும் அவருக்கு உதவியது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒருவரின் விசித்திரத்தைப் பழக்கமாக்கிக்கொண்டதன் பயனும் அதில் இருக்கிறது.

ஆகவே அன்றாடச் சந்திப்பில் இனங்காண்பது என்பதைப் பெயர் சூட்டும் உரிமையாக யாரும் கருதலாகாது. பெரியவரானால், அவரை நிர்ணயம் செய்வது நம் வேலையே அல்ல; சுற்றி வளைக்காமல் பேசுவது, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வது, மண்டபத்தில் ஓர் அமைதியான அறையைக் காட்டிவைப்பது, வணக்கம் சொல்லாததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதிருப்பது ஆகியவை, அவருக்கு ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாருக்கும் கெடுதல் செய்யாதவை. குழந்தையானால், பந்தியின் நடுவில் தாயிடம் போய் நோயின் பெயரைச் சொல்லுவதைப் போன்ற குரூரம் வேறில்லை. கண்டதை மட்டும், தனியே, உறவின் உரிமையோடு சொல்லலாம்: ‘அண்ணி, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறானே, ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா? நானும் கூட வர்றேன்.’ கடைசி வாக்கியம்தான் அதில் முக்கியமானது.

ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்தும்’ மருந்து கிடையாது. தண்டு உயிரணு ஊசி முதலாக விளம்பரங்களில் விற்கப்படுபவை நிரூபிக்கப்படாதவை. தடுப்பூசியால் வந்தது என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010-இல் அதை வாபஸ் பெற்றது. பேச்சுப் பயிற்சி, விளையாட்டின் வழியே பழகக் கற்பித்தல், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி ஆகியவையே உண்மையில் உதவுபவை; இவை சீக்கிரம் தொடங்குவது நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 நிலைகளுள் ஆட்டிசமும் ஒன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது; 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 12 மாதமாகியும் மழலை ஒலிகளோ கையசைத்தலோ சுட்டிக்காட்டுதலோ இல்லாத குழந்தை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராத குழந்தை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, எந்த வயதிலாயினும் வந்த பேச்சை இழந்துவிட்ட குழந்தை, இவர்களைப் பெற்றவர்கள், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று உறவினர் சொல்வதைக் கேட்டுக் காத்திராமல், அந்த மையங்களுக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.